வெங்கட்டம்மா பறித்த கீரை

காலையில் கண் விழித்ததும் எனக்கு ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர் காத்திருக்கிறது. முருங்கை இலையைக் காயவைத்து அரைத்த பொடியை வெந்நீரில் கலக்கியது. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள், ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்திலும் அதைக் கலக்கி, மேலே ஒரு தட்டை மூடி வைத்துவிட்டுத்தான் போகிறாள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறாள். பத்து மணிக்கு மஞ்சளும் மிளகும் போட்ட பால். மதியம் இரண்டு காய், ஒரு கீரை. சாயங்காலம் நெல்லிக்காய். முதுமையில் திடமாக இருக்க இதெல்லாம் வேண்டுமாம். எனக்கு எண்பத்தெட்டு நடக்கிறது. இதற்கு மேல் எந்த முதுமைக்கு என்னைத் தயார் செய்கிறாள் என்று கேட்க வாய் வரும். ஐம்பத்தைந்து வயதில் அவளே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கேள்வி உள்ளேயே போய்விடும். குடித்துவிடுகிறேன். எதிர்த்துப் பேசுவதைவிட அது சுலபம்.

அந்தப் பொடியில் முருங்கை வாசனை இல்லை. பல நாள் மூடிக் கிடந்த கூட்ஸ் வண்டிப் பெட்டியைத் திறந்தால் ஒரு வாசனை வருமே, சருகும் சாக்கும் தூசியும் கலந்தது, அதுதான் வருகிறது. கூட்ஸ் பெட்டி என்று நினைத்தால் எனக்குப் புளி ஞாபகம் வரும். புளி வந்தால் அந்த ஸ்டேஷன் வந்துவிடும். அதற்குப் பிறகு எல்லாம் இன்று காலைப் பேப்பரில் படித்த மாதிரி தெளிவாக வரும்.

ஐம்பதுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், எனக்கு ரயில்வேயில் கிளார்க் வேலை கிடைத்தது. சேலத்தில் வளர்ந்தவன். போட்ட இடம் சாமல்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன். பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்பது படிக்கப் படிக்க உங்களுக்கே தெரிந்துவிடும். சுற்றிலும் புளியமரம், மாந்தோப்பு, கொள்ளுக்காடு. சிங்காரப்பேட்டை வியாபாரிகள் புளி மூட்டையையும் கொத்தமல்லி மூட்டையையும் மாட்டு வண்டியில் கொண்டுவந்து அடுக்குவார்கள். மாம்பழக் காலத்தில் பிளாட்பாரம் முழுக்க ஈ மொய்க்கும். ஹோட்டல் கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் ஏழு பிள்ளைகள். எட்டாவதாக நான் போய் உட்கார முடியாது. அதனால் பாயிண்ட்ஸ்மேன் அண்ணாமலையின் மனைவி வெங்கட்டம்மாதான் எனக்கும் சேர்த்துச் சமைத்தாள்.

பாயிண்ட்ஸ்மேன் என்றால், தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் வண்டி எந்தப் பாதையில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பிவிடுகிற ஆள். பொழுது சாயும் நேரத்தில் கைகாட்டி மரத்தில், அதாவது சிக்னல் கம்பத்தில், ஏறி விளக்கு வைப்பதும் அவர் வேலைதான். ரெக்கார்டில் அண்ணாமலைக்கு ஐம்பது வயது. உண்மை வயது அவருக்கே தெரியாது. பிள்ளைகள் இல்லை. வெங்கட்டம்மா ஓசூர்ப் பக்கத்துக்காரி. வீட்டு மொழி தெலுங்கு, கன்னடமும் வரும். கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவாள். தமிழில் பேசினால் சமாதானமாக இருக்கிறாள் என்று அர்த்தம். நான் அக்கா என்று கூப்பிட்டேன்.

அந்த வட்டாரமே களியும் கூழும் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அண்ணாமலை வீட்டில் மூன்று வேளையும் அரிசிச் சோறு. புளி ரசம், ஊறுகாய், அப்பளம். கிடைத்தால் உருளைக்கிழங்கு. கீரை என்ற பேச்சே கிடையாது.

"ரயில்வேல சேந்த அன்னிக்கே சொல்லிட்டேன் சாரு, என் வூட்டு அடுப்புல கீர ஏறக் கூடாதுன்னு" என்பார் அண்ணாமலை. பெருமையாகத்தான் சொல்வார்.

எனக்கும் அது வசதியாகவே இருந்தது. எங்கள் வீட்டில் கீரை என்பது காய்ச்சல் விட்ட மறுநாள் கொடுக்கிற சமாச்சாரம். தட்டில் அதை ஓரமாக ஒதுக்கி, மேலே சோற்றைப் போட்டு மறைப்பதில் நான் சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரன். என்னிடம் இருந்த ஒரே திறமை அதுதான் என்று என் அப்பா சொல்வார்.

போய்ச் சேர்ந்து ஏழெட்டு மாதம் இருக்கும். அண்ணாமலையிடம் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தேன். தண்டவாளத்தைத் திருப்பிய பிறகு அது சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று மற்றவர்கள் குனிந்து பார்ப்பார்கள். அவர் குனிந்து தடவினார். பகலில் பார்த்தார், பொழுது சாய்ந்தால் தடவினார். பழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் சாயங்கால பாசஞ்சர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தண்டவாளத்தைத் திருப்புகிற லீவர் இழுபடவில்லை என்று மாஸ்டர் என்னை அனுப்பினார். போய்ப் பார்த்தால் அண்ணாமலை தரையில் உட்கார்ந்திருக்கிறார். கைகாட்டிக்குப் போகிற கம்பி தடுக்கி விழுந்திருக்கிறார். முழங்காலில் ரத்தம். பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. நான் இரண்டு கஜத்தில் நிற்கிறேன்.

"யாரு? யாரது?" என்றார்.

அந்தக் குரலில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தண்டவாளத்தின் இடுக்கில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு ஜல்லிக் கல் மாட்டியிருந்தது. அதனால்தான் பொருந்தவில்லை. நானே அதைப் பிடுங்கி எறிந்தேன். வண்டி வந்து, நின்று, போயிற்று. ஜன்னலோரத்தில் ஒரு குழந்தை வேர்க்கடலை தின்றுகொண்டே என்னைப் பார்த்தது.

"மாலக்கண்ணுங்க" என்றார் அண்ணாமலை. "மூணு மாசமாச்சி. பகல்ல நல்லாத் தெரியுது. பொழுது எறங்கினா, போர்வைய எடுத்து மூஞ்சில போட்டாப்பல ஆயிடுது. சொல்லிப்புடாதீங்க சாரு. வேல போயிடும். வூட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. இந்த வயசுல எங்க போவேன்?"

மாஸ்டரிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். அதுதான் சரி. அந்தக் குழந்தையும் வேர்க்கடலையும் கண்ணில் இருக்கும்போதே நான் சொல்லாமல் விட்டேன். இரக்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். யாரோடும் மனஸ்தாபம் வேண்டாம் என்கிற என் சுபாவமும் அதில் பாதி இருக்கும்.

அடுத்த வாரமே ஒரு கடிதம் வந்தது. நாற்பத்தைந்து வயது தாண்டிய லைன் ஆட்கள் எல்லோருக்கும் கண் பரிசோதனை. மூன்று மாதத்துக்குள் ஜங்ஷனுக்கு வர வேண்டும். மாஸ்டர் அதைப் படித்துக் காட்டியபோது அண்ணாமலை சரிங்க சரிங்க என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். வாசிப்பு முடிந்த பிறகும் ஆட்டினார்.

நான் வெங்கட்டம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"எங்கூர்ல இத ரேச்சீகட்டின்னு சொல்லுவாங்கோ தம்பி. கீர தின்னா போயிடும். முருங்க, பொன்னாங்கண்ணி, எண்ண விட்டுச் செய்யணும். மூணு மாசமா தலப்பாடா அடிச்சிக்கிறேன். அந்த மனுசன் கேட்டாத்தானே!"

அன்று மதியமே சட்டியில் முருங்கைக்கீரை ஏறியது. அண்ணாமலை தட்டைப் பார்த்தார். எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். நான் பின்னால் போனேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது வேறு.

"பஞ்சத்துல கீரைதாங்க தின்னோம்" என்றார். "அரிசி, கேவுரு ஒண்ணும் இல்ல. உப்புகூட இல்ல. ஏரிக்கரையில என்னா மொளச்சாலும் புடுங்கியாந்து வேகவெச்சுத் தின்னோம். எனக்கு ஒரு தங்கச்சி, சாரு. நாலு வயசு. செத்துக் கெடந்தப்ப வாயோரத்துல பச்சையா இருந்திச்சி. எங்கம்மா சீலைல தொடச்சா, போகல. அந்த வாசன வந்தா எனக்குத் தொண்ட அடச்சிக்குது."

இருபத்திரண்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் டிக்கெட்டில் தேதி குத்துவதுதான். திரும்பி உள்ளே வந்து வெங்கட்டம்மாவிடம் சொன்னேன். இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தவள், அந்தத் தங்கச்சி கதையைக் கேட்டதே இல்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறம் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"இந்தாய்யா" என்றாள். "அன்னிக்கு உப்பில்ல. எண்ண இல்ல. அந்தப் புள்ளய கீர கொல்லல, பசி கொன்னுச்சி. இன்னிக்கு நான் நல்லெண்ண விட்டு, பூண்டு தட்டிப் போட்டு, மொளகு சீரகம் பொடிச்சிப் போட்டு ஆக்கியிருக்கேன். வாசனயப் பாரு. அதே வாசனயா இருந்தா நீ தின்னாத."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நல்லாத்தாங்க மணக்குது" என்றேன்.

"அப்ப சாரு தின்னட்டும்" என்றார் அண்ணாமலை. "சாரு தின்னா நானும் தின்றேன்."

இப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் பதினோரு வாரம், ஒரு வேளை தவறாமல், எனக்கும் கீரை. அவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒரு வாய் வைத்தால் அவர் ஒரு வாய். ஒதுக்கி மறைக்கிற என் வித்தை அங்கே பலிக்கவில்லை. காலையில் பொன்னாங்கண்ணிப் பொரியல், மதியம் பண்ணைக்கீரைக் கடைசல், முருங்கை அடை, மணத்தக்காளி. அந்திக்குப் பிறகு கீரை ஆகாது என்று எங்கள் வீட்டில் பழக்கம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "அதனாலதான் நாலு மணிக்கே ஆக்கிட்டேன்" என்று தட்டை நீட்டினாள். பரங்கிக்காய், பப்பாளி எது கிடைத்தாலும் விடமாட்டாள். அவள் அண்ணன் ஒரு தடவை ஓசூரிலிருந்து ஒரு பையில் கேரட் கொண்டுவந்தார். அதை நாங்கள் மூவரும் அதிசயம் மாதிரி பார்த்தோம். மாதத்துக்கு ஒரு முறை ஆட்டு ஈரல் வரும். அன்றைக்கு மட்டும் அண்ணாமலை என் தட்டைப் பார்க்க மாட்டார்.

இந்தக் கீரையெல்லாம் யாரும் விற்றது இல்லை. வெங்கட்டம்மா விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு ஏரிக்குள்ளும் வேலியோரத்திலும் வரப்பிலும் திரிவாள். வெயில் ஏறின பிறகுதான் திரும்புவாள். கால் முழுக்க நெருஞ்சி முள். உட்கார்ந்து ஆய்ந்து, அலசி, அடுப்பு மூட்டுவாள். இரண்டு ஆண்களுக்கு, அதுவும் வேண்டா வெறுப்பாகத் தின்கிற ஆண்களுக்கு, ஒரு நாளில் எவ்வளவு கீரை பறிக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. கூடை நிறைய இருப்பது வெந்தால் ஒரு கைப்பிடிதான்.

சாயங்காலத்தில் நான் அண்ணாமலையின் கண் ஆனேன். விளக்கை நான் ஏந்திக்கொண்டு முன்னால் நடப்பேன். லீவரை அவர் இழுப்பார், பொருந்தியதா என்று நான் குனிந்து பார்ப்பேன். கைகாட்டி மரத்தில் அவர் ஏற, நான் கீழேயிருந்து "இன்னும் ரெண்டு படி" என்பேன். "எங்கய்யா தெனமும் போறே?" என்று மாஸ்டர் கேட்டால், காற்று வாங்க என்பேன். கொசு பிடுங்குகிற இடத்தில் என்ன காற்று என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர். தெரிந்தே கேட்காமல் இருந்தாரோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ இருக்கும். சூரியன் மலைக்குப் பின்னால் போய், வெளிச்சம் சாம்பலாக மாறுகிற நேரம். விளக்கோடு நடந்துகொண்டிருந்தேன்.

"சாரு, நில்லுங்க" என்றார் அண்ணாமலை. "புளியமரத்தடில ஒரு எரும நிக்குது. பக்கத்துல கன்னுக்குட்டி."

நான் பார்த்தேன். எருமை எனக்குத் தெரிந்தது. கன்று இருப்பது அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவர் விளக்கை என்னிடமிருந்து வாங்கி அணைத்தார். கையை முகத்துக்கு முன்னால் நீட்டி விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். அப்படியே தண்டவாளத்தில் உட்கார்ந்துகொண்டார். அழுதாரா என்று தெரியாது, நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என் களைப்பு எல்லாம் அன்றைக்கு ஒரேயடியாக இறங்கிய மாதிரி இருந்தது. அதற்கப்புறமும் பரிசோதனை வரைக்கும் கீரை நிற்கவில்லை. ஆனால் யாரும் யார் தட்டையும் பார்க்கவில்லை.

ஜங்ஷனுக்குப் போன அண்ணாமலை மறுநாள் மத்தியான வண்டியில் வந்தார். பிளாட்பாரத்தில் இறங்கும்போதே சிரிப்பு. பாஸ். இன்னும் ஐந்து வருஷம் வேலை, வீடு, எல்லாம் நிலைத்தது. ஒரு பொட்டலம் லட்டு வாங்கி வந்திருந்தார். மாஸ்டரின் ஏழு பிள்ளைகளுக்கும் கொடுத்தார். ஸ்டேஷனே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

அன்று பொழுது சாய்ந்ததும் நான் அவர் வீட்டுக்குப் போனேன். வெங்கட்டம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே போய் நின்றேன். என் கையில் அவளுக்காக நான் தனியே எடுத்து வைத்திருந்த லட்டு.

"அக்கா, இந்தாங்க" என்று நீட்டினேன்.

அவள் கையை நீட்டினாள். என் கைக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் காற்றில். துழாவினாள். பிறகு சட்டென்று கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அங்க வையுங்க தம்பி, அப்பறம் எடுத்துக்கறேன்."

அண்ணாமலை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வந்து அவள் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். அவள் இமைக்கவில்லை.

"எத்தினி நாளா?" என்றார்.

"உனக்கு முன்னாலேந்து."

"ஏன்டி சொல்லல?"

"சொல்லி? என் கண்ணுக்கு எவன் பரீட்ச வெக்கிறான்?" என்றாள் வெங்கட்டம்மா. கோபமே இல்லாமல், தமிழில் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. நாலு மணிக்கே சமையலை முடித்துவிடுவாள். இருட்டிய பிறகு அவள் நடமாடி நான் பார்த்ததில்லை. நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் உட்காருவாள். அப்போது சட்டியில் கீரை மிச்சம் இருந்ததா? ஒரு நாளும் இருந்திருக்க முடியாது. எனக்கு வேண்டாம் வேண்டாம் என்று நான் தின்று தீர்த்தது அவள் பங்கு. ரசமும் சோறும் அவளுக்கு. பதினோரு வாரம் அவள் வாசலிலேயே சாப்பிட்டவன் நான். ஒரு தடவைகூட "நீங்க சாப்டாச்சா?" என்று கேட்டதில்லை.

மறுநாள் அண்ணாமலை லீவு போட்டுவிட்டு அவளைக் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் வலது கண்ணில் புண் ஆறிப் பூ விழுந்துவிட்டது என்றாராம். அந்தக் கண் அவ்வளவுதான். இன்னொன்றைக் காப்பாற்றலாம் என்று மீன் எண்ணெய் கொடுத்தாராம், கீரையும் சாப்பிடச் சொன்னாராம். என்ன கீரை என்று அவர் சொல்ல ஆரம்பித்ததும் வெங்கட்டம்மா சிரித்துவிட்டாளாம்.

அதற்கப்புறம் கூடையை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் போனது அண்ணாமலை. யூனிஃபார்ம் சட்டையோடு போவார். எது கீரை, எது களை என்று பஞ்சத்தில் கற்றது அவர் கைக்கு மறக்கவில்லை. வந்து உட்கார்ந்து அவரே ஆய்வார். முதல் தட்டு அவளுக்கு. அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருப்பார், என் தட்டைப் பார்த்த மாதிரியே. இடது கண் தேறியது. வலது கண் வெளுத்தபடியே இருந்தது. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசவில்லை. நானும் பேசவில்லை; பேச எனக்கு முகம் இல்லை.

அடுத்த வருஷம் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அண்ணாமலை ஐம்பத்தைந்து முடித்து, ஓசூர்ப் பக்கம் மனைவியின் ஊரிலேயே போய் இருந்தார் என்று கேள்விப்பட்டேன். ஒரு பொங்கலுக்குக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவன் நான்.

இப்போது நான் இருக்கிற ஓசூரும் அவர்கள் போய்ச் சேர்ந்த ஓசூர்ப் பக்கமும் ஒன்றல்ல. அவர்கள் ஊர் எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் கம்பெனிச் சுவர், லாரி, வாடகை வீடு. ஏரிகளில் பாதி மனையாகிவிட்டது. வேலியே இல்லாதபோது வேலியோரத்தில் என்ன முளைக்கும்? மார்க்கெட்டில் கட்டுக் கட்டாகக் கீரை வருகிறது. ஆனால் பண்ணைக்கீரை என்று கேட்டால் விற்கிற பெண்ணே யாரோ என்று என்னைப் பார்க்கிறாள். கைகாட்டி மரங்கள் போய்விட்டன. அந்தியும் போய்விட்டது. இங்கே ஆறு மணிக்குச் சுற்றிலும் வெள்ளை விளக்குகள் ஒரே நேரத்தில் எரிகின்றன. இருட்டில் யாருக்குக் கண் தெரியவில்லை என்று கண்டுபிடிக்க இனி வழியே இல்லை.

என் மனைவி போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அறுபத்தொரு வயதில் போனாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, உடம்பில் ரத்தமே இல்லையே என்று சொன்ன டாக்டர், "வீட்ல அம்மா என்ன சாப்பிடுவாங்க?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அவள் சமைத்தது எல்லாம் ஞாபகம் வந்தது. வத்தக்குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு, நான் ஒதுக்கி வைக்காத ஒரே கீரையான அரைக்கீரை மசியல். அவள் தட்டில் என்ன இருந்தது என்று மட்டும் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷம். டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் மகளைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை.